புள்ளி வைத்தவன் பாடு

மனிதர்களைப் புரிந்துகொள்ள அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது எனக்கு ஒத்துவராத ஏற்பாடு. பேச்சு வராது; வந்தாலும் எதிரே இருப்பவர் பெயர் மறந்துவிடும். கல்யாண வீட்டில் யாராவது "என்னைத் தெரியுதா?" என்று கேட்டால், "தெரியாம என்ன!" என்று சொல்லிவிட்டு, மனைவி வந்து காப்பாற்றும்வரை வெயில், மழை, உடம்பு என்று பொதுவாக ஓட்டிக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவன் எந்த வேலைக்குப் போகக் கூடாதோ அந்த வேலைக்கே போனேன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் எச்.ஆர். அதிகாரி.

அதனால்தான், சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு என்று ஒரு துறை இருப்பதைப் படித்தபோது எனக்காகவே யாரோ கண்டுபிடித்தது மாதிரி இருந்தது. ஆள் என்றால் ஒரு புள்ளி. இரண்டு பேருக்குள் பேச்சு இருந்தால் ஒரு கோடு. பெயரை ஞாபகம் வைக்கும் தொல்லைகூடக் கிடையாது, புள்ளியின் மேலேயே எழுதியிருக்கும்.

இதன் பிறப்புக் கதையும் ஆளை மயக்கக்கூடியதுதான். 1932-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில் இருந்த பெண் பிள்ளைகள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். வியன்னாவில் படித்துவிட்டு அமெரிக்காவில் குடியேறியிருந்த மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவும் அவரோடு ஆய்வு செய்த ஹெலன் ஜென்னிங்ஸும் அங்கே யாருக்கு யாரைப் பிடிக்கும், யாரைக் கண்டால் ஆகாது என்று கேட்டு வரைந்து பார்த்தார்கள். ஓடிய பெண்களின் குணத்தில் காரணம் தேடாதீர்கள், யார் யாரோடு பிணைந்திருந்தார்கள் என்று பாருங்கள் என்றார் மொரேனோ. ஒருத்தியின் துணிச்சல் கோட்டின் வழியே அடுத்தவளுக்குப் போயிருக்கிறது. மொரேனோவின் இந்த வரைபடங்களைப் பற்றி 1933 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் செய்தியே போட்டது.

எங்கள் ஆலையிலிருந்தும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். காரணம் எனக்குத் தெரியாததல்ல, பக்கத்து ஆலையில் சம்பளம் கூட. ஆனால் இதை நிர்வாகத்திடம் சொல்வதற்குப் படம் எதுவும் தேவையில்லை. எனக்கோ படம் போட வேண்டியிருந்தது.

படிவம் தயாரித்தேன். வேலையில் சிக்கல் வந்தால் யாரிடம் யோசனை கேட்பீர்கள்? போன வாரம் வேலை விஷயமாக யார் யாரோடு பேசினீர்கள்? உச்சியில் கொட்டை எழுத்தில், "உங்கள் பதில்கள் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்". அதற்கு நேர் கீழே, "பெயர், டோக்கன் நம்பர்".

மற்ற சர்வேக்களில் பெயரில்லாமல் பதில் வாங்கிவிடலாம். இதில் அது நடக்காது. பெயர் இல்லாவிட்டால் கோட்டை எங்கிருந்து எங்கே இழுப்பது? போதாக்குறைக்கு, படிவத்தைத் தொடவே மாட்டேன் என்று நகர்ந்துபோனவரும் அடுத்தவர் பதிலில் பெயராக வந்து படத்தில் உட்கார்ந்துவிடுவார். சம்மதம் கொடுக்காதவரையும் வரையலாமா என்பது இந்தத் துறையில் பெரிய தகராறு. எனக்கு அப்போது அதெல்லாம் தகராறாகவே படவில்லை. 'டேட்டா கூடுது' என்று சந்தோஷப்பட்டேன்.

பிரஸ் ஷாப்பில் ஒரு ஆபரேட்டர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது ஆள்குறைப்பு லிஸ்டா?"

"இல்லீங்க, சும்மா ஒரு ஆய்வு."

"சும்மான்னா பேரு எதுக்கு சார்?"

"ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க" என்றேன். ஹெட் ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு இளைஞர் வேறு மாதிரி கேட்டார். "யாரோட வேலை செய்யப் பிடிக்கும்னு எழுதினா, அவங்க பக்கத்து மெஷின்ல போடுவீங்களா சார்?" அதெல்லாம் முடியாதுப்பா என்றேன். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது திரும்பி வரவே இல்லை. மொரேனோவை ஒழுங்காகப் படித்திருந்தால் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கேட்பது கேட்பதற்காக இருக்கக் கூடாது, தேர்வுக்குப் பலன் இருக்க வேண்டும், அப்போதுதான் உண்மை வரும் என்பதில் மொரேனோ பிடிவாதமாக இருந்தவர். யாரோடு தங்க விருப்பம் என்று கேட்டால், முடிந்தவரை அவர்களோடு தங்கவைக்கவும் செய்தார். நான் அவருடைய புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்திருந்தேன்.

வந்த படிவங்களில் பெரும்பாலானவர்கள் யோசனை கேட்கும் ஆளாக பிளான்ட் ஹெட்டை எழுதியிருந்தார்கள். டை விரிசல் விட்டால், கன்வேயர் நின்றால், கையுறை கிழிந்தால், எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் ஷாப் ஃப்ளோருக்குள் இறங்கியே மாதக்கணக்காகிறது. சங்கத்து ஆட்கள் ஒரே கையெழுத்தில் எழுதினது போல "சங்கத் தலைவர்" என்று நிரப்பியிருந்தார்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டில் ஒருவர் "கடவுள்" என்று எழுதிவிட்டார்.

பொய் சொல்லிவிட்டார்களே என்று கோபப்படவும் வழியில்லை. ரஸ்ஸல் பெர்னார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் பீட்டர் கில்வொர்த் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும், 'இன்னாரோடு பேசினேன்' என்று மக்கள் சொல்வதையும் உண்மையில் நடந்த பேச்சின் பதிவையும் பல இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். சொன்னதில் ஏறத்தாழ பாதி ஏதோ ஒரு வகையில் தப்பு என்பது அவர்கள் முடிவு. பயமில்லாதவர்களே பாதி தப்பாகச் சொல்வார்கள் என்றால், டோக்கன் நம்பரோடு எழுதச் சொன்னால் என்ன வரும்?

ஆனாலும் விடவில்லை. கெஃபி என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஏற்றினேன். முதலில் வந்த படத்தைப் பார்த்த என் மகள், "அப்பா, ஸ்கிரீன் உடைஞ்சிடுச்சா?" என்றாள். வண்ணம் மாற்றி, அளவு மாற்றி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒருவழியாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கொண்டுவந்தேன். அப்புறம் என் புள்ளியைத் தேடினேன். படத்தின் ஓரத்தில், லீவு படிவம் கேட்க வந்த ஒரு ட்ரெய்னி போட்டிருந்த ஒற்றைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கடவுளுக்கும் ஒரு கோடு, எனக்கும் ஒரு கோடு. வித்தியாசம், கடவுளின் கோடு ஒரு சீனியர் ஆபரேட்டரிடமிருந்து வந்திருந்தது.

இந்த மாதிரிப் படங்களில் புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குத் தனி அர்த்தம் கிடையாது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்க மென்பொருள் தன் வசதிக்கு ஒதுக்கும் இடம் அது. யாருக்கு யாரோடு கோடு இருக்கிறது என்பதுதான் விஷயம். தெரிந்தும், மௌஸால் என் புள்ளியைப் பிடித்து நடுவுக்கு இழுத்து வைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம். பிரசன்டேஷன் அன்று பிளான்ட் ஹெட்டின் லேசர் ஒளி நேராக அங்கேதான் போனது. "இதென்ன, ஒரு கோடு மட்டும் படம் முழுக்கக் குறுக்கே ஓடுது?" புள்ளியை நடுவுக்கு இழுத்தவன் அந்த ட்ரெய்னியை ஓரத்திலேயே விட்டிருந்தேன்.

அதைச் சமாளித்து அடுத்த ஸ்லைடுக்குத் தாவினேன். அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க். லின்டன் ஃப்ரீமன் என்ற சமூகவியலாளர் 1977-ல் ஒரு கணக்கு கொடுத்தார். எந்த இரண்டு பேரை எடுத்தாலும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் குறுக்குவழி இந்த ஆள் வழியாகப் போகிறதா? எத்தனை வழிகள் அப்படிப் போகின்றன? நிறைய பேரைத் தெரிந்தவர் வேறு, வழியில் நிற்பவர் வேறு. சில சமயம் இரண்டாமவர்தான் பெரிய ஆள். இதையே வளர்த்து, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு கூட்டங்களுக்கு நடுவே நிற்பவனுக்குச் சேதியும் சலுகையும் முதலில் கிடைக்கும் என்று ரொனால்ட் பர்ட் 1992-ல் புத்தகமே எழுதினார். அதில் பாதி படித்திருந்தேன். எங்கள் ஆலையில் இந்தக் கணக்கில் முதல் இடம் ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு. ஸ்லைடில் அவர் படத்தைப் போட்டு, "நம் நிறுவனத்தின் பாலம்" என்று எழுதியிருந்தேன்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மெயின்டனன்ஸ் ஃபோர்மேன்தான் இரக்கப்பட்டு விளக்கினார். "பாலம் இல்ல சார், செக்போஸ்ட். ஒரு போல்ட் வேணும்னாலும் அவரு கையெழுத்து போடணும். பதினொரு மணிக்கு மேல ஆள் எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது. அதான் எல்லாரும் அவரைத் தேடிக்கிட்டே இருப்போம்." ஃப்ரீமனின் கணக்கில் தவறில்லை. கோடுகள் அவர் வழியாகத்தான் போயின. அங்கே போய் நின்றுவிடுகின்றன என்பதைப் படம் காட்டாது, கேட்டால்தான் தெரியும்.

இதற்கும் மேல் ஒன்று நடந்தது. மென்பொருள், நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் கூட்டங்களைத் தானாகவே பிரித்து வண்ணம் பூசித்தரும். அதில் பச்சைக் கூட்டம் என்னை அப்படியே கவர்ந்துவிட்டது. டூல் ரூமில் இரண்டு பேர், குவாலிட்டியில் ஒருவர், பெயின்ட் ஷாப், டிஸ்பாட்ச், அக்கவுன்ட்ஸ் என்று ஒரு துறை விடாமல் ஆள். துறைகளுக்கு இடையே பேச்சே இல்லை என்று நிர்வாகம் வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருக்க, இதோ துறை தாண்டி ஒரு கூட்டம் தானாகவே முளைத்திருக்கிறது! "புத்தாக்கக் கரு" என்று பெயர் வைத்தேன். இவர்களை ஊக்குவிப்பது எப்படி என்று தனியாக ஸ்லைடுகள். மாதம் ஒரு கூட்டம், டி-ஷர்ட், சிறு பரிசு.

பின்வரிசையில் டிரான்ஸ்போர்ட் பார்ப்பவர் உட்கார்ந்திருந்தார். பெயர்களை விரல்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவர் மெதுவாகக் கை தூக்கினார்.

"சார், இது வாலாஜாபாத் பஸ்."

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஆறாவது பேரு இருக்காருல்ல சார், அவரு டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. அடுத்த ரெண்டு பேரும் அவருக்கு எதிர் சைடு. அந்த அக்கவுன்ட்ஸ் தம்பி நடுவுல ஏறுவாப்ல, சீட்டு கிடைக்காது, நின்னுக்கிட்டே வருவாப்ல." ஆரஞ்சு வண்ணத்தைக் காட்டச் சொன்னார். தாம்பரம். நீலம்? அரக்கோணம். ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனைக்கும் அவர் என் படிவத்தை நிரப்பித் தராதவர்.

எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் ஆராய்ச்சிக்கூடங்களில் பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று அளந்து 1977-ல் எழுதினார். மேசைக்கும் மேசைக்கும் தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று சரிகிறது. 50 மீட்டரைத் தாண்டிவிட்டால் பக்கத்துக் கட்டடமும் பக்கத்து ஊரும் ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு நான் ட்ரெய்னி கையில் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்து, மெஷினுக்கு மெஷின் தூரத்தை எல்லாம் அளந்து வைத்திருந்தேன். அரை அடி தூரத்தில், தோள் இடிக்க, போகவர இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரும் பஸ் சீட்டை அளக்கத் தோன்றவில்லை. நான் காரில் போய்வருகிறவன்.

சரி, பட்டது போதும், பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன். "உக்காருங்க சார்" என்று ஒருவர் எழுந்து ஜன்னல் சீட்டைத் தந்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். டிரைவர் பாட்டை நிறுத்தினார். ஆலை வாசல் வரை அந்த பஸ்ஸில் யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் ஒரு கோடுகூட வரைய முடிந்திருக்காது.

இதே படத்தை நம்பி ஒரு கமிட்டியும் போட்டேன். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கே கூச்சம். யோசனை கேட்கும் ஆட்கள் பட்டியலில் பிளான்ட் ஹெட்டையும் கடவுளையும் நீக்கினால் முதலில் வந்தவர் ஒரு சீனியர் இன்ஜினியர். குறைகேட்புக் கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கினேன். ஒரு குறையும் வரவில்லை. ஆலையில் குறையே இல்லை என்று அறிக்கைகூட அனுப்பிவிட்டேன். டேவிட் கிராக்ஹார்ட்டும் ஜெஃப்ரி ஹான்சனும் 1993-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது. ஒரு நிறுவனத்தில் யோசனை கேட்கும் வலையும் நம்பிப் பேசும் வலையும் வேறு வேறு; முதலாவதில் நடுநாயகமாக இருந்தவரை ஒரு குழுவுக்குத் தலைவராக்க, இரண்டாவதில் அவருக்குக் கோடு மிகக் குறைவாக இருந்ததால் குழு படுத்துவிட்ட கதை அதில் இருக்கிறது. எங்கள் இன்ஜினியரிடம் பேரிங் பற்றி எதுவும் கேட்கலாம். சூப்பர்வைசர் திட்டினார் என்று சொன்னால், மதியத்துக்குள் அது சூப்பர்வைசருக்கே போய்விடும். இது ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் வேலைக் கோடுகளை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த இரண்டு ஆய்வுகளையும் நான் வெகுநாள் தப்பாகவே படித்து வந்தேன். ஒன்று, ஜாம்பியாவின் காப்வே நகரில் இந்தியர் ஒருவர் நடத்திய தையல்கூடம். புரூஸ் காப்ஃபெரர் என்ற மானுடவியலாளர் அங்கே மாதக்கணக்கில் இருந்து, தொழிலாளர்களில் யார் யாரோடு சிரித்துப் பேசுகிறார்கள், யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று இருமுறை குறித்தார், ஏழு மாத இடைவெளியில். முதல்முறை குறித்தபிறகு நடந்த வேலைநிறுத்த முயற்சி பிசுபிசுத்துப்போனது. இரண்டாவது முறைக்குப் பிறகு நடந்தது ஜெயித்தது. நடுவில் தொழிலாளர்களுக்குள் கோடுகள் அடர்ந்திருந்தன. ஆய்வு 1972-ல் புத்தகமாக வந்தது.

இன்னொன்று, வேய்ன் ஸகாரி 1977-ல் எழுதிய கராத்தே கிளப் கட்டுரை. ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகக் கிளப்பில் கட்டணத்தை உயர்த்துவது பற்றி மாஸ்டருக்கும் தலைவருக்கும் சண்டை வந்து கிளப் இரண்டாக உடைந்தது. 34 உறுப்பினர்கள். யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை நட்புக் கோடுகளை வைத்தே கணக்குப் போட்டார் ஸகாரி. ஒரே ஒருவரைத் தவிர எல்லாம் சரி. பிளவுபடும் வலைகளைக் கண்டுபிடிக்கிறேன் என்று வரும் எந்தப் புது மென்பொருளையும் இன்றுவரை இந்தக் கராத்தே கிளப்பில் ஓட்டித்தான் சோதிக்கிறார்கள்.

நானும் ஓட்டினேன். 33 சரி என்று மேசையைத் தட்டினேன். அந்த ஒருவரைப் பற்றிப் படிக்கவே இல்லை. அவர் தலைவர் கட்சி ஆள். ஆனாலும் மாஸ்டர் பின்னால் போனார். காரணம், அவருக்குக் கறுப்பு பெல்ட் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது. மாஸ்டரை விட்டுப்போனால் அத்தனை வருஷப் பயிற்சியும் வீண். இதைக் கோட்டிலிருந்து எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஸகாரிக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் அந்தக் கிளப்பையே வருஷக்கணக்காகக் கூடவிருந்து பார்த்தவர். காப்ஃபெரர் தையல்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜென்னிங்ஸும் மொரேனோவும் அந்தப் பிள்ளைகளோடு பேசினார்கள். யாரோடும் உட்கார்ந்து பேசாமல் தப்பிக்க ஒரு வழி என்று நான் பிடித்துக்கொண்ட வித்தையை உண்டாக்கினவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து பேசினவர்களாகவே இருந்து தொலைத்திருக்கிறார்கள்.

உட்கார்ந்திருந்தால் எனக்கும் டீக்காரரைத் தெரிந்திருக்கும். சம்பளப் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்ததால் கான்ட்ராக்ட் ஆட்கள், செக்யூரிட்டி, கேன்டீன் யாருமே என் படத்தில் கிடையாது. எங்கே கோடு போட்டு, இதற்குள் இருப்பவர்தான் நிறுவனம் என்று நிறுத்துவது? ஆய்வாளர்களுக்கே தலைவலி தரும் கேள்வி இது. நான் எக்செல் ஃபைல் முடிந்த இடத்தில் நிறுத்தினேன். காலையும் மாலையும் கேனைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பகுதிக்கும் போகிற ஒரே ஆள் டீ ஊற்றுபவர். அடுத்து யார் பேப்பர் போடப்போகிறார் என்பது அவருக்குத் தெரிந்து, ஷாப்புக்குத் தெரிந்து, பக்கத்து ஆலைக்குத் தெரிந்து, கடைசியில்தான் எனக்கு ராஜினாமா கடிதமாக வரும். "அண்ணே, இந்த மாசம் யாரு யாரு கிளம்புறாங்க?" என்று நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தேன். "எனக்கென்ன சார் தெரியும், டீ ஊத்துறவன்" என்றார். கப்பில் டீ பாதிதான் இருந்தது.

அந்த பிரசன்டேஷனுக்குப் பிறகு வேறு வேலை தேடினால் நல்லது என்று தோன்றியது. அதற்கும் துறையில் வழி இருந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் பக்கத்திலுள்ள நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973-ல் எழுதிய கட்டுரை உலகப்புகழ் பெற்றது. முதலில் எழுதி அனுப்பியபோது ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது என்பது எனக்கு ஆறுதல் தரும் தகவல். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர்தான் வழி சொல்லியிருக்கிறார். நெருங்கின நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் புதுச் சேதி கொண்டுவரும்.

தூரத்துப் பழக்கம் என்னிடம் ஏராளம். எல்லாப் பழக்கமும் தூரத்துப் பழக்கம்தான். பழைய சகாக்கள், கல்லூரி ஆட்கள் எல்லோருக்கும் வாட்ஸ்ஆப்பில் "எப்படி இருக்கீங்க, ரொம்ப நாளாச்சு" என்று அனுப்பினேன். "பாலிசியெல்லாம் போட்டாச்சு சார்" என்று முதல் பதில். இன்னொருவர், பணம் புரட்டுவது இப்போது கஷ்டம் என்று நான் கேட்காமலே வருத்தம் தெரிவித்தார். மூன்றாமவர் மிகுந்த பாசத்தோடு நலம் விசாரித்துவிட்டு, "அண்ணே, உங்க கம்பெனில ஏதாவது வேகன்சி இருக்கா?" என்று தன் பயோடேட்டாவை இணைத்திருந்தார். தூரத்துக் கோடு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

ஆகவே அதே ஆலையில்தான் இருக்கிறேன். சமீபத்தில் நிர்வாகத்துக்குத் திரும்பவும் வலைப்பின்னல் ஆசை வந்திருக்கிறது. இந்தத் தடவை படிவமே வேண்டாம், மெயில் லாக்கை வைத்துத் தானாகவே வரைந்துவிடும் மென்பொருள். டெமோ காட்ட வந்த இளைஞர் என்ரானில் ஆரம்பித்தார். அந்த நிறுவனம் திவாலான பிறகு, 2003-ல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சுமார் 150 பேருடைய லட்சக்கணக்கான மெயில்களைப் பகிரங்கப்படுத்தியதிலிருந்து இந்த ஆராய்ச்சி எப்படிப் பாய்ந்து முன்னேறியது என்று அழகாக விளக்கினார். "யாரையும் எதுவும் கேக்க வேண்டியதில்ல சார்" என்றார். எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன.

பிளான்ட் ஹெட் என் பக்கம் திரும்பினார். எங்கள் ஆபரேட்டர்களுக்கு மெயில் ஐடியே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். படம் முழுக்க மேலே இருக்கிற நாற்பது பேர் ஒருவருக்கொருவர் 'எஃப்.ஒய்.ஐ.' அனுப்பிக்கொண்ட கதையாகத்தான் இருக்கும் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அப்ரைசல் மாதம். "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன்.

பர்ச்சேஸ் ஆர்டர் போய், லைசன்ஸும் வந்துவிட்டது. பில் பாஸாக வேண்டுமானால் சரக்கு வந்து சேர்ந்ததாக ஸ்டோர்ஸில் என்ட்ரி போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டுமாம், மென்பொருளுக்கும். மணி பதினொன்றரை. ஆள் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.